மங்கை எழுதிய வரி

கோலாலம்பூர் மழைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று பரமேஸ்வரி ஆன்டி சொன்னதை முதல் நாள் நான் நம்பவில்லை. மறுநாள் பிற்பகல் நாலு மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் தெருவில் முழங்கால்வரை நனைந்து நின்றபோது நம்பினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகவியல் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்ந்த சூட்டில் உழைக்கும் உலோகங்களைப் பற்றிக் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கம். என்னை அனுப்பினார்கள். முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நான் எதற்காக இவ்வளவு ஆவலாகக் கிளம்பினேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்திலும் தெரியாது. கிள்ளானில் மங்கையர்க்கரசி இருந்தாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

தங்குவதற்குப் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியறை கிடைத்தது. வீட்டுக்காரர் பரமேஸ்வரி ஆன்டி. கணவர் ரயில்வேயில் கணக்கராக இருந்து காலமானவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஆன்டி பிறந்ததே மலாயாவில்தான் என்றாலும் பேச்சு யாழ்ப்பாணத்தை விட்டு நகரவில்லை.

"வாங்கோ பிள்ளை. களைச்சுப் போனீங்கள் போல. முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்று இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலில் மஞ்சள் தெரிந்தும் தெரியாமலும் இருந்த அந்தச் சொதியை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். ஊரில் விருந்தாளி அப்படிக் கேட்டால் வீட்டுக்காரி மகிழ்வாள். ஆன்டி மகிழ்ந்ததோடு நிற்காமல், நான் வீட்டில் பட்டினி கிடக்கிறேன் என்றும் முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து என் தட்டு காலியாக இருந்ததே இல்லை.

மறுநாள் காலை கருத்தரங்கத்துக்குப் போக மினி பஸ் ஏறினேன். பங்சாருக்குப் பக்கத்தில்தான் அரங்கம், கூப்பிடு தூரம் என்றார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன பஸ்கள். நிற்பதற்குள் கிளம்பிவிடும். உள்ளே நம் ஊர்க் கூட்டம்தான், ஆனால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. பத்து நிமிடத்தில் போக வேண்டிய இடம் அரைமணி நேரமாகியும் வரவில்லை. அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் ஓடிக்கொண்டே இருந்தன. கண்டக்டரிடம் பங்சார் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என் புடவையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"அக்கா, இது செராஸ் போற பஸ் லா. நீங்க ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஏறியிருக்கணும்."

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி அவரிடம் ஏதோ கேட்டார். கண்டக்டர் எனக்கு மொழிபெயர்த்தார். "இவங்க எந்த ஊர்னு கேக்குறாங்க. இந்தியான்னேன். பாவம், அவ்ளோ தூரத்துல இருந்து வந்து செராஸ் பாக்குறாங்களேங்குறாங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைச் செராஸில் இறக்கி, சரியான பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அந்தப் பஸ்ஸின் கண்டக்டரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுத்தான் இவர் போனார். கருத்தரங்கத்தின் தொடக்க விழா எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை.

அன்று மாலைதான் அந்த நாலு மணி மழை. நனைந்த புடவையோடு வந்த என்னை ஆன்டி துண்டைக் கொடுத்து உட்கார வைத்து, "ஆரையோ தேடுறீங்கள் போல கிடக்கு. முகத்தில தெரியுது" என்றார். நான் சொன்னேன். தோழி ஒருத்தி, கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவள். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பழைய முகவரிக்கு நான் எழுதியதற்குப் பதில் இல்லை. கணவர் பெயர் தனபால். பாய்லர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

ஆன்டி தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பட்டறையாகக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் சீனத்தில் பதில் வந்தது. மூன்றாவதில் தமிழ். ஆன்டி ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"தனபால் பேசுறேன். யாரு?"

பெயரைச் சொன்னேன். ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு சற்றுத் தள்ளி அவர் யாரிடமோ, "உன் வசுமதி" என்பது கேட்டது.

போனில் மங்கை அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை வா, பஸ் ஸ்டாண்டில் நிற்பேன் என்றாள். குரல் அப்படியே இருந்தது. ஒன்பது வருடம்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். பெண்கள் விடுதியில் ஒரே அறை. ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு உலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரல் தடிமனில் ஓர் உருக்குத் துண்டு, கீழே எடை தொங்கும். அந்தச் சூட்டில், அந்தப் பாரத்தில், உருக்கு மெல்ல மெல்ல நீளும். கண்ணுக்குத் தெரியாத நீளம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீண்டு, ஒரு நாள் உடையும். எந்தத் துண்டு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துத்தான் புதிய அணு உலைகளுக்கு உலோகம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் நாடு கட்ட நினைத்திருந்த அந்தப் புதுவகை அணு உலையில் சூட்டைக் கடத்தத் தண்ணீர் கிடையாது, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும் பொருள். அதைத் தாங்கும் பெரிய பாத்திரம் உருக்குத் தகடுகளை வெல்டு செய்து கட்டுவது. ஒரு தலைமுறைக் காலம் அது சூட்டிலேயே நிற்க வேண்டும். தகட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கவலை எல்லாம் வெல்டு செய்த இடத்தைப் பற்றித்தான். வெல்டு துண்டுகளைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கும் மங்கைக்கும்.

மங்கை உலைகளோடு பேசுவாள். மூன்றாம் உலைக்குக் கோபம் அதிகம், ஒன்பதாம் உலை சோம்பேறி என்பாள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போய் எல்லா மானிகளையும் பார்த்துவிட்டுத்தான் பையை வைப்பாள். அவள் போன பிறகு அந்த வரிசையில் நடக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் குறைகிற உணர்வு எனக்குப் போகவே இல்லை. மனிதர்களைப் பிரிந்தால் நாள்பட நாள்பட மறக்கும் என்பார்கள். ஒரே வேலையைச் சேர்ந்து செய்தவர்களைப் பிரிந்தால் அப்படி ஆவதில்லை. வேலை தினமும் நினைவுபடுத்துகிறது.

அவள் வேலையை விட்டுப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆறாம் உலையில் இருந்த வெல்டு துண்டு உடைந்தது. இரண்டு வருடம் தாங்கும் என்று எதிர்பார்த்தது, எட்டே மாதத்தில். பதிவேட்டில் மங்கை ஒரு வரி எழுதினாள்: 'மின்தடைக்குப் பின் வெப்பநிலை வரம்பு மீறியது; இந்தத் துண்டு கணக்கில் சேராது.' அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று என் கையெழுத்து. மற்றத் துண்டுகளின் முடிவுகள் நன்றாக இருந்தன. கட்டுரை வெளிவந்தது, எங்கள் இருவர் பெயரிலும்.

ஒன்பது வருடம் கழித்து, அந்தப் பாத்திரத்துக்கான வெல்டிங் ராடுகளுக்கு ஆர்டர் கொடுக்கும் நேரம். பழைய பதிவுகளை ஒருமுறை புரட்டினேன். ஐந்தாம் உலையும் ஆறாம் உலையும் ஒரே மின்கம்பியில் இருப்பவை. அந்த நாளுக்குரிய ஐந்தாம் உலையின் வெப்ப வரைபடத்தாளில் கோடு நேராக ஓடியிருந்தது. மின்தடைக்கான அடையாளமே இல்லை. ஆறாம் உலையின் தாளைத் தேடினேன். அந்த மாதத்துச் சுருள் மட்டும் இல்லை.

யாரிடமும் சொல்லாமல் பதிவேட்டை மூடி வைத்தேன். மூடினேனே தவிர, அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. இதைக் கடிதத்தில் கேட்க முடியாது, எங்கள் வேலை அப்படிப்பட்டது. அப்போதுதான் கோலாலம்பூர் அழைப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை என் உரை. பரவாயில்லாமல் பேசினேன். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார்கள். இலையில் சோறு, நண்டுக் குழம்பு, பாகற்காய் வறுவல். பரிமாறியவர், "போதுமா டீச்சர்?" என்றார். புடவை கட்டிக் கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் அவருக்கு டீச்சர். இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்குச் சனிக்கிழமை நினைப்பிலேயே இறங்கியது.

சனிக்கிழமை காலை கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். இம்முறை மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன். நெடுஞ்சாலையில் பாதி தூரம் போயிருப்போம். பின்னால் படார் என்று ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரமாக நின்றது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் ஒரு சீனர், கீழே குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது.

பழக்கதோஷம், நானும் குனிந்து உடைந்த இடத்தைப் பார்த்தேன். பாதி முகம் துருப்பிடித்துப் பழையதாக இருந்தது, பாதி புதிதாகப் பளபளத்தது. எப்போதோ விழுந்த விரிசல், இன்று முடிந்திருக்கிறது. டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள்: "ஆன்டி, நீங்க மெக்கானிக்கான்னு கேக்குறாரு." இல்லை, பார்ப்பது மட்டும்தான் என் வேலை என்றேன். அதையும் அவள் சொல்ல, டிரைவர் தலையை ஆட்டி, "பார்க்குறதுக்கு எங்க ஆபீஸ்லயும் நெறைய பேர் இருக்காங்க" என்றாராம்.

மாற்றுப் பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மங்கை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியோரம் நரை. முழுக்கால் சட்டையும் தொளதொளச் சட்டையும் போட்டிருந்தாள். விடுதியில் இருந்தபோது அவளை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்டி. வரமாட்டியோன்னு நெனச்சேன். வராமப் போனாலும் நல்லதுதான்னு ஒரு நெனப்பு."

எனக்குப் புரியாதது போல் சிரித்து வைத்தேன்.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தனபால் நெடுநெடுவென்று உயரம், கைகளில் வெல்டிங் பொறி தெறித்த தழும்புகள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "வாங்க அக்கா. உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல" என்று வரவேற்றார். ஆறு வயதில் ஒரு மகள், கவிதா. அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம். மங்கை நெத்திலிச் சம்பலும் ரசமும் வைத்திருந்தாள். ரசம் எங்கள் விடுதியில் வைப்பது போலவே தண்ணீராக இருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்தேன் என்றாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் முந்தின நாள் பாய்லர் குழாய் வெடித்து, ஆலை நின்றிருக்கிறது. தனபால் கிளம்பினார். மங்கையும் எழுந்தாள்.

"நீயுமா?"

"நான் பாக்காம அவரு ராடு பத்த வெக்க மாட்டாரு" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பேரும் லாரியின் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து போனோம். இரு பக்கமும் செம்பனை மரங்கள், வரிசை பிசகாமல். ஊர்ப் பனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, யாரோ குட்டைப் பனைகளை அச்சில் வார்த்து நட்டது போல் இருந்தது.

பாய்லர் ஆறிப்போயிருந்தது. மங்கை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கைவிளக்கோடு ஆள்நுழை துவாரம் வழியாக உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தாள். ஆலையின் இன்ஜினியர் ஒரு சீனர், இளைஞர். வெடித்த இடத்தில் ஓர் ஒட்டுப் போட்டு மாலைக்குள் ஓட்ட வேண்டும், பழம் கெட்டுப்போகும் என்றார். ஆங்கிலமும் மலாயும் கலந்து நடந்த பேச்சு எனக்குப் பாதி புரிந்தது.

"வெடிச்சது ஒண்ணுதான்" என்றாள் மங்கை. "பக்கத்துல இருக்குற ஏழு குழாயும் வீங்கிப் போயிருக்கு. தடவிப் பாருங்க, கையில தெரியும். எல்லாத்தையும் மாத்தணும். ஒட்டுப் போட்டு ஓட்டணும்னா வேற ஆளக் கூப்பிடுங்க. நாங்க செய்ய மாட்டோம்."

இன்ஜினியர் தனபாலைப் பார்த்தார். தனபால் கைகளை விரித்து, "பாஸ் அவங்கதான்" என்றார்.

இன்ஜினியர் உள்ளே போய் அவரே தடவிப் பார்த்துவிட்டு வந்தார். சரி, மாற்றுங்கள் என்றார்.

தனபால் அளவெடுக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. நானும் மங்கையும் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் முகத்தைத் துடைத்தாள். கரி போனபாடில்லை. நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நீ கருத்தரங்குக்கு வரல, வசு. ஆறாவது உலைக்காக வந்திருக்க."

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்குக் கரண்ட் போகவே இல்ல" என்றாள். "சூடு ஏறல. துண்டு அதுவாத்தான் உடைஞ்சுது."

"தாள்?"

"ஹாஸ்டல் வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

மழை லாரியின் கூரையில் கொட்டியது. அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, பயணச்சீட்டு வந்துவிட்டது. அந்தச் சோதனை வரிசை முடியாமல் விடுவிக்க மாட்டோம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. உடைந்த துண்டுக்குப் பதில் வேறொன்றை வைத்தால் இன்னும் இரண்டு வருடம்.

"மொதல்ல, ஒரு துண்டு தானே, அதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுத்தான் எழுதினேன். கோளாறுன்னு நெஜமா நம்பியிருந்தா நான் ஏண்டி தாள எரிக்கணும்? எரிச்சப்புறம்தான் அது எனக்கே உறைச்சுது."

"நானும் தாளைப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டேன், மங்கை."

"நீ பாக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட கொண்டுவந்தேன்."

அவ்வளவு நாள் பிரிவில் என்னை அதிகம் வலிக்கச் செய்தது அந்த வாக்கியம்தான். கோபம் வந்தது. கூடவே, அவள் அதைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டு பேரும் அழுதோம். எந்த வரிசையில் என்று நினைவில்லை.

கடிதம் எழுதுவதை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "எழுத உக்காந்தா இதுதான் வருது. இத எழுதாம வேற என்ன எழுதுறது?" என்றாள்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை தனபால் நம் பரோட்டா போன்ற ரொட்டிச் சானாயும் பருப்புக் குழம்பும் வாங்கி வந்தார். சாப்பிட்டு முடித்ததும் மங்கை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு அதுவரை தெரியாது. தன் கைத்தழும்புகளைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்ப என்ன செய்யணும் அக்கா?"

நான் போய்ச் சொன்னால் சோதனையை மறுபடி வைப்பார்கள், ஆனால் என் வாய்ச்சொல்லுக்காக ராடு ஆர்டரை நிறுத்த மாட்டார்கள். அதை நிறுத்த எழுத்தில் வேண்டும் என்றேன். சொல்லும்போதே எனக்கு நா கூசியது.

மங்கை எழுந்து போய் இரும்பு அலமாரியிலிருந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளுடைய சான்றிதழ்கள், எங்கள் கட்டுரையின் பிரதி, தட்டச்சு செய்த ஒரு விண்ணப்பம். அது எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எழுதியது. தேதி மட்டும் போடவில்லை.

"கவிதா ஸ்கூல் போனதும் அனுப்பலாம்னு வெச்சிருந்தோம்" என்றாள். "ரெண்டு வருஷம் வந்து வேலை செய்யலாம்னு. எந்த வேலையா இருந்தாலும் சரி, உலை கழுவுற வேலைன்னாலும்."

"நானும் கூட வரதா இருந்தேன்க்கா" என்றார் தனபால். "அங்க மட்டும் பாய்லர் இல்லாமயா போயிடும்?"

மங்கை என்னை நேராகப் பார்த்தாள். "நான் இத எழுதிக் குடுத்தா, அந்த கேட்டுக்குள்ள மறுபடி என்ன விட மாட்டாங்க. இல்ல?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "விட மாட்டாங்க" என்றேன்.

அவள் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, எங்கள் பதிவேட்டில் எழுதும் அதே சாய்ந்த எழுத்தில், நிறுத்தாமல் எழுதினாள். உலை எண், துண்டு எண், உடைந்த நேரம் எல்லாம் நினைவிலிருந்தே வந்தன. ஒன்பது வருடத்தில் ஓர் இலக்கம்கூட அவளுக்கு மறந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, மை காயக் காற்றில் அசைத்து, என்னிடம் கொடுத்தாள். பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்துக் கோப்பில் வைத்து, கோப்பை அலமாரியில் வைத்தாள். கிழிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். பஸ் கிளம்பும்வரை மங்கை உலைகளைப் பற்றியே கேட்டாள். மூன்றாம் உலைக்குப் புதுக் கம்பிச்சுருள் மாற்றியாகிவிட்டதா? ஒன்பதாவது இப்போதாவது சரியான நேரத்தில் சூடேறுகிறதா? ஜன்னல் வழியாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பஸ் நகர்ந்த பிறகும் அவள் ஏதோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை.

பரமேஸ்வரி ஆன்டி புறப்படும் அன்று ஒரு டப்பா நிறையப் பயித்தம் உருண்டை கட்டித் தந்தார். "சிநேகிதியைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். கண்டேன் என்றேன். "பிறகேன் முகம் இன்னும் தேடிக்கொண்டு கிடக்கு?" என்றார். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே எங்கள் இயக்குநரிடம் மங்கையின் தாளைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். அன்று மாலைக்குள் ராடு ஆர்டர் நிறுத்தப்பட்டது. எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்கு நானே எழுதினேன். சில சகாக்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அதே ராடு, அதே தகடு, அதே சூடு. ஆறாம் உலையில் நானே துண்டை மாட்டினேன். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போய் அதன் மானியைப் பார்த்துவிட்டுத்தான் பையை வைப்பேன். எட்டாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் உடைந்தது. உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், நெடுநாள் சூட்டில் வெல்டுக்குள்ளே உருவான நொறுங்கும் துகள்கள் சங்கிலியாகக் கோத்து நின்றன. ராடின் கலவையை மாற்றினோம். மாற்றிய ராடில் செய்த துண்டுகள் தாங்கின. பல வருடங்கள் தள்ளிப்போய், அந்தப் பாத்திரம் புதிய ராடால்தான் கட்டப்பட்டது.

மங்கைக்கு எழுதினேன். அச்சாகாத முடிவுகளை வெளியே எழுதக் கூடாது என்பதால் வீட்டு விஷயங்களுக்கு நடுவில் ஒரே வரி: 'நீ சொன்னது சரி.' ஒரு மாதத்தில் பதில் வந்தது. கவிதா பள்ளிக்கூடத்தில் அழுகிறாள், தனபாலுக்கு முதுகுவலி, மழை விடவில்லை. கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, ஒரு கேள்வி: 'எங்கே உடைந்தது? வெல்டின் நடுவிலா, ஓரத்திலா?'

அதற்கு நான் பதில் எழுத முடியாது. கவிதாவைப் பற்றி எழுதினேன், முதுகுவலிக்குத் தைலம் சொன்னேன், எங்கள் ஊர் வெயிலைப் பற்றி எழுதினேன். அடுத்த கடிதத்திலும் அவள் அதையே கேட்டாள். அதற்கடுத்ததிலும். பிறகு கேட்பதை விட்டாள். மெல்ல மெல்லக் கடிதங்களும் நின்றன.

அந்த முடிவுகள் எல்லாம் இப்போது ஆய்விதழ்களில் அச்சாகிவிட்டன. யாரும் யாரிடமும் சொல்லலாம். அச்சான வாரமே கிள்ளானுக்கு எழுதினேன். முகவரிதாரர் இல்லை என்ற முத்திரையோடு கடிதம் திரும்பி வந்தது. பட்டறையின் எண்ணைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது நான் எழுதும் இது கிள்ளானிலோ வேறு எங்கோ அவள் கையில் போய்ச் சேரலாம்.

வெல்டின் நடுவில்தான், மங்கை. சரியாக நடுவில்.